தெரிந்ததை வைத்திருக்கத் தெரியாதவர்

எங்கள் பொறியியல் பீடத்தில் அவருக்கு 'லவுட்ஸ்பீக்கர்' என்று ஒரு பெயர் இருந்தது. சிங்களப் பிள்ளைகள் வைத்த பெயர். தமிழ்ப் பிள்ளைகளும் ஒரு மறுப்பும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். குரல் பெரிதென்பதால் வந்த பெயரில்லை அது. உண்மையில் அவர் மெதுவாகத்தான் கதைப்பார். விரிவுரை மண்டபத்தின் பின்வரிசைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஆனால் யாருக்காவது பயன்படக்கூடிய ஒரு தகவல் அவர் காதில் விழுந்துவிட்டால், அதை மத்தியானச் சாப்பாடு வரைக்கும் வைத்திருக்க அவருக்குத் தெரியாது. எந்தப் புலமைப்பரிசிலுக்கு எப்போது கடைசி நாள், எந்தப் பல்கலைக்கழகத்தில் யார் ஆராய்ச்சி மாணவர் தேடுகிறார்கள், எந்தப் படிவத்தோடு எந்தக் கடிதத்தை இணைக்காவிட்டால் குப்பைக்குப் போகும், எல்லாவற்றையும் கேட்ட சூட்டோடு பரப்பிவிடுவார்.

ஒருநாள் வெள்ளவத்தைச் சந்தையடியில் இரண்டு பேரும் ஓட்டோ ஏறினோம். அவருடைய வீட்டுக்கு ஐந்து நிமிடத் தூரம். அந்த ஐந்து நிமிடத்துக்குள், ஓட்டோக்காரரின் மகள் மொனராகலையில் தாயின் ஊரில் இருந்து கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதியிருக்கிறாள் என்பதைச் சிங்களத்தில் கதைத்துக் கறந்துவிட்டார். பிறகு தொடங்கினார். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எந்தப் பாடநெறியை முதலில் போட வேண்டும், அந்த மாவட்டப் பிள்ளைக்கு என்ன சலுகை இருக்கிறது, பாடசாலை அதிபரிடம் எதில் கையெழுத்து வாங்க வேண்டும். ஓட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டி, பேனை தேடி எடுத்து, யாரோ கொடுத்த விளம்பரத் துண்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். என் மடியில் மீன் பை சொட்டிக்கொண்டிருந்தது.

"மீன் பழுதாகப் போகுது மிஸ்," என்றேன்.

"மீன் நாளைக்கும் வாங்கலாம். இந்தப் பிள்ளையின்ர ஃபோர்ம் நாளையோட முடியுது," என்றார்.

அவர் மண் பொறியியலில் மூத்த விரிவுரையாளர். யாழ்ப்பாணத்துக்காரர், கணவரை இழந்தவர். ஒரே மகள் வெளிநாட்டில். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் ஒரு வீடு. எங்கள் துறையில் நீண்ட காலம் அவர் ஒருவர்தான் தமிழ். பெண் என்று பார்த்தாலும் அவரோடு சேர்த்து இரண்டு பேர். நான் கொட்டாஞ்சேனைக்காரி. அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பனியில் கிளார்க். பட்டம் முடித்து அதே துறையில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் என்னை நடையில் மறித்தார்.

"ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என்ன செய்யிறனீர்?"

"பூசைக்குப் போறது மிஸ்."

"எத்தினை மணிக்கு முடியும்?"

"எட்டரைக்கு."

"அப்ப பத்துக்கு வாரும்." போய்விட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் சொல்லாமல் விட்ட மிகச் சில தகவல்களில் அதுவும் ஒன்று.

போனால், சாப்பாட்டு அறையில் மேசைக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் பலகை. அதற்குப் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி. அந்தப் பெட்டியில் சாய்ந்துகொண்டு நிற்கக் கூடாது என்பது முதல் விதி. பலகைக்கு முன்னால் நின்று, நேர்முகத் தேர்வில் நிற்பது போல நின்று, அவர் கேட்கிற கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். கடற்கரை ரயில் போகும்போது ஒன்றும் கேட்காது. அப்போதும் நிறுத்தக் கூடாது. "இன்டர்வியூ போர்டில இருக்கிற ஆக்களும் இருமுவினம், கதவைத் திறப்பினம், ஃபோன் அடிக்கும். நீர் உம்மட பாட்டில சொல்லும்," என்பார். பதில் பிடிக்காவிட்டால் திட்டமாட்டார். அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்பார். நான்காவது முறைக்கு மேல் அது திட்டைவிட மோசம். ஒருமுறை எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் எழும்பிப் போய்க் கோப்பி போட்டுக்கொண்டு வந்து தந்துவிட்டு, நான் குடித்து முடித்ததும், அதே கேள்வி.

அந்த வீட்டின் மையம் பலகை இல்லை, மட்டை போட்ட தடித்த குறிப்பேடு ஒன்று, சீ.ஆர். கொப்பி. எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த நேர்முகத்துக்குப் போனாலும், அவரிடம் வருகிறவர்கள் நேரே தங்கள் வீட்டுக்குப் போக முடியாது. முதலில் அவருடைய மூன்றாம் மாடிக்கு ஏறி, உள்ளே என்ன கேட்டார்கள் என்பதைச் சுடச்சுட அந்தக் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை. பாடத்தைப் பற்றிய கேள்விகள் மட்டும் இல்லை. 'எப்ப கல்யாணம்?', 'பிள்ளை பிறந்தால் ஆய்வுகூடத்தை யார் பார்ப்பது?', 'யாழ்ப்பாணத்திலேயே விண்ணப்பிக்கலாமே?', 'உங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறார்களா?' எல்லாம் இருக்கும். பெயர் எழுதக் கூடாது, யார் கேட்டது என்பதும் கூடாது. கேள்வி மட்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை எழுதியதை மாத்தளைப் பிள்ளை வாசிக்கும்; அவள் எழுதியதை அம்பாறையில் இருந்து வந்த சிங்களப் பிள்ளை வாசிக்கும். முதல் தரம் அதைப் புரட்டும் வரைக்கும், எனக்கு மட்டும்தான் இப்படியெல்லாம் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இந்தக் கொப்பி என்று நான் கேட்டேனே தவிர, அவராகச் சொல்லவில்லை. அவருடைய முதல் நேர்முகத்துக்கு மற்ற நாலு பேரும் படங்கள் வரைந்த தாள்களோடு வந்திருந்தார்களாம். விளக்கிக் காட்டச் சொல்வார்கள் என்பது நாலு பேருக்கும் தேநீர் மேசையில் யார் யாரோ சொல்லித் தெரிந்திருந்தது. அவர் அந்த மேசையில் உட்காருகிற ஆளில்லை. "ஒருத்தரும் எனக்கு வேணுமெண்டு ஒளிக்கேல்லை. என்னை நினைக்கேல்லை, அவ்வளவுதான்," என்றார். பிறகு, அவர் அடிக்கடி சொல்கிற வசனத்தைச் சொன்னார்: "தெரிஞ்சுகொண்டு விடுபட்டாப் பறவாயில்லை. தெரியாம ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது."

ஆனால் இவ்வளவு ஓட்டைவாயிடம் ஓர் ஆளைப் பற்றிய கதை போனால், அது கிணற்றில் போட்ட கல். எங்கள் துறையில் ஒருவர் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்தில் சறுக்கிவிட்டு வந்து, விடுமுறை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியும்; மிஸ்தான் ரகசியமாக வேறு மேற்பார்வையாளர் தேடிக் கொடுத்தவர். நாங்கள் கிண்டிக் கிண்டிக் கேட்டபோது, "ஆக்களைப் பற்றி எனக்கொண்டும் தெரியாது. கடைசித் திகதியள்தான் தெரியும்," என்றார். தன்னிடம் வருகிற பிள்ளை விண்ணப்பித்தால், அந்தத் தேர்வுக் குழுவிலும் உட்காரமாட்டார். தனக்குத் தெரிந்த பிள்ளை என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிடுவார். அதில் எனக்குக் கோபம். உள்ளே இருந்து ஒரு தலையசைப்பாவது தரலாமே என்று நினைப்பேன். வெளியில் சொல்லவில்லை.

நான் அங்கே போகத் தொடங்கி இரண்டாம் வருடம், நாலு மணிக்கு இன்னொருத்தி வரத் தொடங்கினாள். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. என்னைவிட ஒரு வருடம் இளையவள். எங்கள் துறையிலேயே தற்காலிகமாகச் சேர்ந்தவள். போர்டிங் கொட்டாஞ்சேனையில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. என்னை 'அக்கா' என்று கூப்பிடுவாள். கெட்டிக்காரி. அது முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பிடிக்கவில்லை. நான் பத்து மணிக்குத் திணறுகிற கேள்விக்கு அவள் நாலு மணிக்கு என்ன சொல்லியிருப்பாள் என்று பலகையில் அழிபடாமல் கிடக்கிற கோடுகளை அடுத்த கிழமை துருவித் துருவிப் பார்ப்பேன்.

அடுத்த வருடக் கடைசியில் துறையில் ஒரு நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு விளம்பரம் வந்தது. ஒரே ஒரு பதவி. எனக்கு மூன்றாம் வருடம்; அதற்கு மேல் தற்காலிக ஒப்பந்தத்தை நீட்டமாட்டார்கள். அம்மா வீட்டில் சொல்லிவிட்டார்: "இந்த முறையும் இல்லாட்டி, ஒண்டு கனடாவுக்குப் போ, இல்லாட்டி கலியாணத்தைக் கட்டு. இனி இழுக்கேலாது." எனக்கு இரண்டும் வேண்டாம். அந்த ஆய்வுகூடமும், அந்தக் களிமண் நாற்றமும், அந்தக் கரும்பலகையும் வேண்டும். அவளும் விண்ணப்பித்தாள். மிஸ் இரண்டு பேரையும் தயார் செய்தார். பத்து மணிக்கு என்னை, நாலு மணிக்கு அவளை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"மிஸ், இருக்கிறது ஒரு இடம். ரெண்டு பேரையும் எப்பிடி நீங்க...?"

"அது போர்டின்ர பிரச்சினை. என்ர பிரச்சினை ரெண்டு பேரும் ஒழுங்காப் போய் நிக்கிறது," என்றார். "நீர் அஞ்சாம் கேள்விக்கு வாரும்."

நேர்முகம் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பகல் எனக்குக் கடிதம் வந்தது. அதில் ஒரு புது விஷயம் இருந்தது: நேர்முகத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் பதினைந்து நிமிடம் மாதிரி விரிவுரை நடத்த வேண்டும். கொடுத்திருந்த தலைப்பு, களிமண் நிலத்தில் கட்டிய கட்டிடம் ஏன் வருடக்கணக்காக மெல்ல மெல்ல இறங்குகிறது என்பது. அதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே மிஸ்ஸின் அழைப்பு.

"கடிதம் வந்ததோ? நல்லது. அந்தப் பிள்ளைக்கு மஸ்கெலியா விலாசத்துக்குத்தான் போயிருக்கும், திங்களுக்கு முதல் கிடையாது. ஃபோன் எடுக்கிறாவில்லை, லாப்பில நிக்கிறா போல. நீர் பக்கத்திலதானே, ஒருக்காச் சொல்லிவிடும்."

"ஓம் மிஸ்," என்றேன்.

சொல்லவில்லை. மறந்ததாக இங்கே எழுத எனக்கு விருப்பம், மறக்கவில்லை. வெள்ளி பின்னேரம் முழுக்க ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் வேறு யார் மூலமாவது அறிந்துகொள்வாள், இரவாகிவிட்டது, நாளைக்குச் சொல்வோம் என்று ஒவ்வொரு மணிக்கும் ஒரு காரணம் கிடைத்தது. சனிக்கிழமை காலை பாண் வாங்கப் பேக்கரிக்குப் போனேன். அவளும் வந்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு லெட்டர் வந்துருச்சா?"

"இன்னும் வரல்ல," என்றேன். கடிதம் என் கைப்பைக்குள் மடித்தபடி இருந்தது.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரிக்கா," என்றுவிட்டுப் பாணை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று மிஸ்ஸுக்குச் செய்தி அனுப்பினேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. மாதிரி விரிவுரையை வீட்டில் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பத்துத் தரம் செய்தேன். செவ்வாய்க்கிழமை போனால், அவள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பஞ்சுத் துண்டும் ஒரு தண்ணீர்ப் போத்தலும். பஞ்சைப் பிழிந்து காட்டிக் களிமண்ணை விளக்கப் போகிறாள் என்று பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. அதேநேரம், ஒரு பாரமும் இறங்கியது. கடிதம் எப்படியோ நேரத்துக்குக் கிடைத்துவிட்டது, நான் செய்ததால் ஒருவருக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று என்னை நானே மன்னித்துக்கொண்டேன். அவ்வளவு சுலபமாக இருந்தது.

பதவி எனக்குக் கிடைத்தது. என்னுடைய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று கூடுதலாக இருந்ததால் என்று பிறகு அறிந்தேன். அவள் இரண்டாவது.

நேர்முகம் முடிந்த பின்னேரமே இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கொப்பியில் எழுதினோம். முடிவு வந்த நாளில் மிஸ் எனக்குக் கை தந்தார். அவளுடைய தோளில் கை வைத்தபடி என்னிடம் சொன்னார்: "வாற ஞாயிறு தொடக்கம் நீர் நாலு மணிக்கு வாரும். உள்ளுக்க இருந்து பாத்தனீர், இனி இவவுக்கு நீர்தான் கேள்வி கேக்க வேணும்." கேட்டேன். ஒரு வருடம் முழுக்க ஒரு நாலு மணியும் தவறாமல் போய்க் கேட்டேன். குற்ற உணர்வில் தொடங்கியது, போகப் போக அவளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அடுத்த விளம்பரத்தில் அவளும் உள்ளே வந்தாள். இன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கிறோம். நடுவில் ஒரு புத்தக அலுமாரி.

'அவவுக்குச் சொன்னனீரோ?' என்று மிஸ் ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. ஆயிரம் வேலைக்குள் மறந்திருப்பார் என்றுதான் நம்பினேன். ஆனாலும் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். நான் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பிய நாளில், அவர் ஓய்வு பெற்ற நாளில், ஒருமுறை கல்கிசைக்குப் போகிற ரயிலில் நெருக்குப்பட்டு நின்றபடி. ஒவ்வொரு முறையும் வேறு எதையோ கதைத்துவிட்டு இறங்கினேன். பிறகு அவருக்கு நோய் வந்தது. கடைசி இரண்டு மாதமும் நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறியும் சில நாள் சேர்ந்தும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேயும் தாதிமாருக்கு வெளிநாட்டுப் பரீட்சைக்கு எங்கே படிக்கலாம் என்று சொல்லிக்கொண்டு கிடந்தார். போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அவருடைய மகள் என்னிடம் ஒரு பக்கம் கேட்டார். எழுதினேன். 'தெரிந்ததை ஒளிக்காமல் பகிர்ந்துகொள்ள எங்களுக்குப் பழக்கியவர். அந்தப் பழக்கத்தை நாங்கள் என்றும் கைவிட்டதில்லை' என்று முடித்திருந்தேன். பிழை திருத்தித் தரச் சொல்லி அலுமாரிக்கு அந்தப் பக்கம் நீட்டினேன். அவள் வாசித்தாள். ஓரிடத்தில் ஒரு கால்புள்ளி வைத்தாள். கடைசி வரிக்கு வந்ததும் பேனையை மூடினாள்.

"அக்கா, அந்த வெள்ளிக்கிழம பின்னேரமே மிஸ் எனக்கும் போன் பண்ணிட்டாங்க," என்றாள். "அவங்களால வச்சுக்கிட்டு இருக்க முடியல போல. மாதிரி லெக்சர் இருக்குன்னாங்க; தலைப்பு தெரியல, ஒங்க லெட்டர்ல பாத்துக்கச் சொன்னாங்க. சேந்து பிராக்டிஸ் பண்ணலாம்னு கேக்கத்தான் சனிக்கிழம ஒங்களப் பாத்ததும் பேக்கரிக்குள்ள வந்தேன்."

"அப்ப தலைப்பு?"

"மிஸ்தான் திங்கக்கிழம ஆபிஸுக்கு அடிச்சுக் கேட்டுச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழம நான் போனப்ப 'ஏன், அவ காட்டேல்லையோ'ன்னாங்க. லெட்டர் இன்னும் வரலையாம்னு சொன்னேன். 'சரி, நான் கேட்டுச் சொல்லுறன்'னாங்க."

அதுவரை அவர் மறந்துவிட்டார் என்று நம்பிக்கொண்டிருந்த நான், கதிரையில் உட்கார்ந்தேன். அத்தனை வருடமும் எல்லாம் தெரிந்துகொண்டுதான் எனக்குக் கோப்பி போட்டுத் தந்திருக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவளுக்கு முன்னால் என்னை உட்கார வைத்திருக்கிறார்.

"ஏன் நீ இவ்வளவு காலமும் என்னைக் கேக்கல்ல?"

"கேக்கக் கூடாதுன்னுட்டாங்க. 'பயந்திட்டா, அவவாச் சொல்லுவா, நீர் கேளாதையும்'ன்னாங்க. எனக்குக் கோவம்தான்க்கா. ரெண்டு வருசம் இருந்துச்சு. அப்பறம் போயிருச்சு."

"கடிதம் வந்திருந்தது," என்றேன். "வெள்ளிக்கிழமை பகலே வந்தது. பேக்கரியில நிக்கேக்க பேக்குக்குள்ளதான் இருந்தது. வேணுமெண்டுதான் சொல்லல்ல. என்னை மன்னிச்சுக்கொள்." சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன். நாற்பதை நெருங்குகிற, மூன்று பேருடைய ஆராய்ச்சியை மேற்பார்வை செய்கிற ஒருத்தி, திறந்த கதவுக்கு முன்னால்.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இத அவங்க இருக்கையில சொல்லியிருக்கலாமேக்கா. ஒவ்வொரு வருசமும் எங்கிட்ட ஒருக்கா கேப்பாங்க, 'சொல்லிப்போட்டாவோ?'ன்னு. இல்ல மிஸ்னு சொன்னா, சரி, இன்னும் கொஞ்சம் பொறும்னுவாங்க."

"கடைசியா எப்ப கேட்டவ?"

"ஆஸ்பத்திரியில," என்றாள். "நீங்க அப்பத்தான் எங்களுக்கு டீ வாங்கக் கீழ போயிருந்தீங்க."